பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்குச் சட்டம் என்ன சொல்லுது?



குழுக் கூட்டத்தில் சந்தா வசூல், உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடிச்சு, பாயைச் சுருட்டுற நேரத்துலதான் சில பேர் மெதுவாக வாய் திறப்பாங்க. "அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். என் பேத்தியைப் பத்தி..." என்று ஆரம்பிப்பாங்க. இந்தப் பாடம் அப்படிக் கேட்டவர்களுக்காக.

நம் கிராமங்களில் அம்மாச்சியோ அப்பத்தாவோ பேரப்பிள்ளையை வளர்ப்பது புதுசு இல்லை. மகள் இறந்துவிட்டாள், மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். மகன் குடியால் போய்விட்டான், மருமகள் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பேரும் திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போயிருக்காங்க, பிள்ளை ஊரில் இருக்கு. காரணம் எதுவானாலும் சோறு போடுறது பாட்டி, பள்ளிக்கு அனுப்புறது பாட்டி, ராத்திரி காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுறது பாட்டி. ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "பெத்தவங்க எங்கே? அவங்க கையெழுத்து வேணுமே!"

அதைக் கேட்டதும் பாட்டி திரும்பி வந்துவிடுகிறார். "சட்டத்துல எனக்கு இடம் இல்லையாம்" என்று நம்மிடம் சொல்லுறார். சட்டம் அப்படிச் சொல்லுதா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் கேள்வி: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?

யாராவது "சட்டம் இடம் கொடுக்காது" என்று சொன்னால், கோபப்படாமல், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, அது எந்தச் சட்டத்துல, எந்தப் பிரிவுல இருக்கு? ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க." பாதி இடத்தில் இந்தக் கேள்வியிலேயே வழி பிறக்கும். எழுதிக் கொடுத்தால் அதுவும் நல்லதுதான், அதை வைத்துக்கொண்டு நாம் தேடலாம்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலவச கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 2-வது பிரிவு, காப்பாளர் என்றால் யார் என்று சொல்கிறது. பிள்ளையைத் தன் பராமரிப்பிலும் பொறுப்பிலும் வைத்திருப்பவர் காப்பாளர். கோர்ட்டு உத்தரவு வாங்கியவர் மட்டும்தான் என்று அதில் இல்லை. அப்படியானால் பேத்தியைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிற அம்மாச்சி அந்தச் சட்டப்படி காப்பாளர்தான். அதே சட்டத்தின் 14-வது பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது என்கிறது 5-வது பிரிவு. பழைய பள்ளியிலிருந்து டி.சி. வாங்கித் தரமாட்டேன் என்று அப்பன் முறைத்துக்கொண்டு நின்றாலும், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

இந்த மூன்று பிரிவுகளையும் ஒரு தாளில் எழுதி, குழுத் தீர்மானத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நல்லவர்கள். அவர்களுக்கும் ஒரு பிடிமானம் வேணும், அவ்வளவுதான்.

சட்டத்தை எங்கே தேடுவது? மத்திய அரசின் 'இந்தியா கோட்' என்ற இணையதளத்தில் எல்லாச் சட்டங்களும் இலவசமாக இருக்கின்றன. இ-சேவை மையத்தில், அல்லது கல்லூரியில் படிக்கும் நம்ம வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால், வேண்டிய பிரிவை மட்டும் எடுத்து அச்சிட்டுத் தருவார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல தமிழிலும் வெளியாகின்றன. ஒன்றை மட்டும் கவனிக்கணும், பழைய புத்தகத்தை நம்பி ஏமாறக் கூடாது. ஜீவனாம்சத்துக்கு '125 போடணும்' என்று இன்னைக்கும் எல்லாரும் சொல்லுறாங்க. அந்தப் பழைய சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 144-வது பிரிவு. விஷயம் பெரிதாக மாறவில்லை, எண் மாறியிருக்கு. பழைய எண்ணைப் போட்டு மனு எழுதிக் கொடுக்கிறவர் மற்றதை எவ்வளவு கவனமாக எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேடுவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது யாருடைய சொந்தக் கதையும் இல்லை. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து, பாடத்துக்காக எழுதியது.

மகள் 2 வருஷத்துக்கு முன்னால் சாலை விபத்தில் இறந்துவிட்டாள். 9 வயதில் பேத்தி, 6 வயதில் பேரன். அம்மாச்சிதான் வளர்க்கிறார். மருமகன் வெளியூரில், மறு கல்யாணம் செய்துகொண்டார். இதுவரை ஐந்து பைசா அனுப்பவில்லை. மகள் பெயரில் 1 ஏக்கர் நிலம் இருக்கு. விபத்து நஷ்டஈடு வழக்கு நடக்குது. போன வாரம் மருமகன் வந்து, "பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போறேன், நான்தான் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கார். அம்மாச்சி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் நாம் எல்லாரும் என்ன செய்வோம்? மருமகனைத் திட்டுவோம். திட்டி முடித்ததும் ஒரு நோட்டை எடுங்கள். மகள் இறந்த தேதி என்ன? பிள்ளைகள் எந்தத் தேதியிலிருந்து அம்மாச்சி வீட்டில் இருக்கிறார்கள்? அப்பா கடைசியாக வந்து பார்த்தது எப்போது? பணம் அனுப்பினாரா? நிலம் யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் எங்கே? நஷ்டஈட்டு வழக்கு யார் யார் பெயரில் போட்டிருக்கு, எந்தக் கோர்ட்டில், வழக்கு எண் என்ன? தேதிவாரியாக, திட்டு இல்லாமல் ஒரு பக்கம் எழுதணும். வக்கீலிடம் போனால் அரை மணி நேரம் அழுது சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

எழுதிப் பார்த்தால் அம்மாச்சியின் பிரச்சினை ஒன்று இல்லை, நாலு என்று தெரியும். பிள்ளைகள் யாரிடம் இருப்பது, நிலம், நஷ்டஈட்டுப் பணம், மாதச் செலவு. நாலுக்கும் வேற வேற சட்டம், வேற வேற அலுவலகம். எல்லாத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கினால் கனமாகத்தான் இருக்கும்.

அப்பா வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடணுமா?

பாட்டிகள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, 6-வது பிரிவுப்படி மைனர் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. தாத்தா பாட்டி அந்த வரிசையில் இல்லை. இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 13-வது பிரிவு, யாரைக் காப்பாளராக நியமிப்பது என்று கோர்ட்டு முடிவு செய்யும்போது பிள்ளையின் நலன்தான் முதன்மை என்கிறது. மற்ற மதத்தினருக்கு அவரவர் தனிச்சட்டம் உண்டு. ஆனால் காப்பாளர் மனுப் போட உதவும் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது.

உச்ச நீதிமன்றம் என்ன செய்திருக்கிறது? மூன்று தீர்ப்புகளைச் சொல்கிறேன். மூன்றும் மூன்று விதம்.

2009-ல் ஒரு தீர்ப்பு. பிரசவத்தில் தாய் இறந்துவிட்டார். பிறந்ததிலிருந்து குழந்தையை வளர்த்தவர் அம்மாச்சி. அப்பா கேட்டார். கீழ்க் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அம்மாச்சியிடமே குழந்தை இருக்கட்டும் என்றது. அப்பாவுக்கு உரிமை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் நலனைத் தள்ளிவிட முடியாது என்பதுதான் காரணம்.

2022 ஜூன் மாதம் இன்னொரு தீர்ப்பு. 2021-ல் கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த சிறுவன். தாத்தாவுக்கு வயது 71, பாட்டிக்கு 63. அவர்களுக்கு வயதாகிவிட்டது, சித்திக்கு நல்ல வேலை இருக்கு என்று உயர் நீதிமன்றம் தாயின் தங்கையிடம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம், வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்று சொல்லி, அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. "உனக்கு வயசாயிருச்சு, கோர்ட்டு உனக்குக் குடுக்காது" என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது 2025-ல் வந்தது. அதில் தாத்தா பாட்டி தோற்றார்கள். தாய் இறக்கும்வரை சுமார் 10 வருஷம் பிள்ளை பெற்றோரோடுதான் வளர்ந்திருக்கிறது. அப்பா படித்தவர், வேலையில் இருப்பவர். தாய் இறந்த பிறகுதான் பிள்ளை தாத்தா பாட்டியிடம் போனது. அப்பாவைவிட உங்களுக்கு மேலான உரிமை இல்லை என்று சொல்லி அப்பாவிடமே கொடுத்துவிட்டது கோர்ட்டு.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோர்ட்டு எதைப் பார்க்கிறது என்று புரியும். பிள்ளை எத்தனை வருஷமாக, எந்த வயதிலிருந்து யாரிடம் இருக்கிறது? அப்பா வந்து பார்த்தாரா, செலவு செய்தாரா? அவர் நடத்தை எப்படி? பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது என்றால் அதன் விருப்பம் என்ன? இதெல்லாம் வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேணும். நம்ம பாட்டிகள் கையில் காகிதம் இல்லை என்று நினைக்கிறார்கள். நிறைய இருக்கிறது! அங்கன்வாடிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கு? தடுப்பூசி அட்டையை யார் கொண்டு போனார்? ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, மதிப்பெண் அட்டையில் வைத்த கைநாட்டு, பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து, ரேஷன் அட்டை. எல்லாம் சாட்சிதான். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காமல், எலி கடிக்காத இடத்தில் வையுங்கள்.

சிலர் முத்திரைத் தாளில், "பிள்ளையை மாமியாரிடம் ஒப்படைக்கிறேன், இனி எனக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதி வாங்கி, நோட்டரியிடம் முத்திரையும் வாங்கி வைத்திருப்பாங்க. அது இருந்தால் பத்திரமாக வையுங்கள், சாட்சியாக உதவும். ஆனால் அந்தத் தாளால் பாட்டி சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார். அது தத்தும் ஆகாது. தத்து என்பது வேறு சட்டம், அதற்கு வேறு நிபந்தனைகள்.

அப்படியானால் என்ன மனுப் போடுவது? 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எந்தக் கோர்ட்டு எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே மனுப் போடலாம். அப்பா திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார் என்பதற்காகப் பாட்டி அங்கே அலைய வேண்டியதில்லை. மாவட்டத்தில் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில். வழக்கு முடியும்வரை பிள்ளை யாரிடம் இருக்கணும் என்று இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் தகுதியற்றவர் என்று கோர்ட்டு கருதினால்தான் வேறொருவரைப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமிக்கும். அதனால் எப்படிக் கேட்பது என்பதை வக்கீல் சொல்லட்டும். நாம் தேதிகளையும் காகிதங்களையும் கொடுப்போம்.

இன்னொன்று. மருமகன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, "பிள்ளையை உடனே ஒப்படை" என்று யாராவது அதட்டினால் பயந்து கொடுத்துவிடாதீர்கள், பிள்ளையை ஒளித்து வைக்கவும் வேண்டாம். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை முடிவு செய்வது கோர்ட்டு, காவல் நிலையம் இல்லை. கோர்ட்டு உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை மதித்தே ஆகணும், நகலை வாங்கிக்கொண்டு அன்றைக்கே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். இல்லையென்றால் குழுவில் இரண்டு பேர் பாட்டியோடு கூடப் போய், நிலைமையை எழுத்தில் கொடுத்து, மனு ரசீது வாங்கி வாருங்கள்.

நிலமும் பணமும் பிள்ளையுடையது

அம்மாச்சியின் மகள் பெயரில் இருந்த 1 ஏக்கர் யாருக்குச் சேரும்? உயில் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆக மூன்று பங்கு. மருமகனுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. "என் பொண்டாட்டி நிலம், நான் விப்பேன்" என்று அவர் சொன்னால், தன் ஒரு பங்கை வேண்டுமானால் விற்கலாம். பிள்ளைகளின் இரண்டு பங்கைக் கோர்ட்டு அனுமதி இல்லாமல் விற்க இயற்கைக் காப்பாளருக்கும் அதிகாரம் இல்லை. அது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-வது பிரிவு. மீறி விற்றால், பிள்ளை 18 வயது முடிந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குள் நிலம் நாலு கை மாறியிருக்கும், வீடு கட்டியிருப்பார்கள். அதனால் முன்பே தடுப்பதுதான் மேல். பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை அவ்வப்போது கட்டணமில்லாமல் பார்க்கலாம். சார்பதிவாளரிடம் ஆட்சேபனை மனு கொடுப்பது நல்லது. ஆனால் அது தடை உத்தரவுக்கு ஈடாகாது, தடை உத்தரவு கோர்ட்டில்தான் வாங்கணும்.

இது பாட்டிக்கும் பொருந்தும். பேத்தி கல்யாணத்துக்கு என்று நல்ல எண்ணத்தோடு பாட்டி பிள்ளையின் நிலத்தை விற்றாலும் செல்லாது. 11-வது பிரிவு அதைத் தடுக்கிறது. கோர்ட்டே காப்பாளராக நியமித்த பாட்டியும் அனுமதி வாங்காமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. குழுவில் யாராவது "பேரன் நிலத்தை அடமானம் வெச்சுக் கடன் வாங்கலாம்" என்று யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மகன் இறந்துபோய் அப்பத்தா பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் தாய் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல அப்பத்தாக்களுக்கு இது தெரியாது. "மருமகளுக்கும் பிள்ளைக்கும்தானே" என்று கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

மகள் நகை? கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் மகள் இயற்கைக்கு மாறாக இறந்திருந்தால், வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி வரதட்சணையாகக் கொடுத்த சொத்து அவள் பிள்ளைகளுக்குச் சேரணும். பிள்ளை இல்லாவிட்டால்தான் பெற்றோருக்கு. நகைச் சீட்டு, கல்யாண போட்டோ, மொய் நோட்டு இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாலை விபத்து நஷ்டஈட்டில் மைனர் பங்கைத் தீர்ப்பாயம் பெரும்பாலும் வங்கியில் வைப்பாகப் போட்டுவிடும். பிள்ளைக்கு 18 ஆனதும் கிடைக்கும். இடையில் வட்டியைப் பராமரிப்புக்கு எடுக்க அனுமதி உண்டு. நம்ம கதையில் பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டது அப்பா, பிள்ளை இருப்பது அம்மாச்சி வீட்டில். அந்த வட்டி பிள்ளை சாப்பிடும் வீட்டுக்கு வரணும் என்று தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். மருமகனுக்குத் திடீரென்று பாசம் பொங்குவது நஷ்டஈடு வரும் சமயத்தில்தான் என்று எல்லாக் குழுவிலும் சொல்லுறாங்க. எல்லா அப்பாவும் அப்படி இல்லை, ஆனால் தேதிகளைக் குறித்து வைத்திருந்தால் கோர்ட்டே புரிந்துகொள்ளும். புதிதாக விபத்து நடந்த வீடுகளில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பேத்தி பெயரில் தொடங்கியிருக்கும் பாட்டிகள் இதைக் கவனியுங்கள். சட்டப்படி காப்பாளராக இல்லாத தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளை, உயிரோடு இருக்கும் பெற்றோர் பெயருக்கோ சட்டப்படியான காப்பாளர் பெயருக்கோ மாற்றணும் என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறை. அஞ்சலகத்தில் போய்க் கேளுங்கள். காப்பாளர் உத்தரவு ஏன் தேவை என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

மாதச் செலவுக்கு

மறு கல்யாணம் செய்துகொண்டாலும் அப்பா அப்பாதான். பிள்ளைக்குச் செலவுத் தொகை கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. முன்பு சொன்ன 144-வது பிரிவில், பிள்ளை சார்பாகப் பாட்டி மனுப் போடலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம்.

கோர்ட்டு தேவைப்படாத உதவியும் இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. 2022-ல் வந்த நெறிமுறைப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். உறவினர் வீட்டில் வளரும் பெற்றோர் இல்லாத பிள்ளைகள், கைவிடப்பட்ட பிள்ளைகள் இதில் வருவார்கள். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கணும். தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று அன்புக் கரங்கள் என்ற திட்டத்தை மாதம் 2,000 ரூபாயோடு தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் ஆனது. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. "அப்பா உயிரோட இருக்காரே, கிடைக்காது" என்று வாசலிலேயே யாராவது சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்திருந்தால் 75,000 ரூபாய் உதவிக்கும் வழி உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வக்கீல் பீசுக்கு எங்கே போக?

போக வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, 12-வது பிரிவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது, வருமானச் சான்றிதழ் கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பாட்டியும் பெண், பேத்தி குழந்தை, பேரனும் குழந்தை. வக்கீல், கோர்ட்டுக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கு. தொலைபேசி 15100. அங்கே நியமித்த வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். நஷ்டஈட்டில் "நூத்துக்கு இருபது எனக்கு" என்று பேரம் பேசுகிறவர்களிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று நம் குழுவில் எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

பாட்டிகள் கடைசியாகக் கேட்கும் கேள்வி, "எனக்கப்புறம்?" இதைக் கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பார்கள். காப்பாளர் மனுவில் பாட்டி தனியாக இல்லாமல், சின்ன வயதுள்ள ஒரு உறவினரையும் சேர்த்துக் கேட்கலாம். அம்மாச்சியோடு தாய்மாமா, அப்பத்தாவோடு அத்தை என்று. கூட்டாக நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு. யாரைச் சேர்ப்பது என்பதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். பிள்ளை யார் வீட்டில் தயங்காமல் தட்டைப் போட்டுச் சாப்பிடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நம் குழுவில், நம் தெருவில் பேரப்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் வீடு எத்தனை என்று ஊக்குநர் கணக்கெடுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பாட்டியோடும் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதட்டும். எழுதிய பக்கத்தின் நகலை, பாட்டி பெயர் வெளியே தெரியாதபடி, கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தப் பிரிவு, எந்த அலுவலகம் என்று சேர்ந்து தேடுவோம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் கூட்டம்வரை காத்திருக்காமல் 1098-ஐக் கூப்பிடுங்கள்.